இருப்புப் பதிவேடு

பெட்டி வந்தது புரட்டாசியில்.
அதற்குள் மைதானத்தில் பாதி
கொள்முதல் நிலையத்துக்குப் போயிருந்தது:
குறுவை மூட்டைகள், தார்ப்பாய், எடை மிஷின்,
சிந்தினதைப் பொறுக்க ஊர்ப் புறா மொத்தமும்.
மிச்சப் பாதியில்
எட்டாம் வகுப்பு ஆ பிரிவை நிறுத்தினேன்.

என்ன விளையாட்டு வேணும்?
கிரிக்கெட்.
நாற்பத்தொரு பேருக்கும் ஒரே வாய்.
பெட்டியில் எல்லாம் இருந்தது, அது தவிர.

சுண்ணாம்புப் பொடி தீர்ந்த வாரம்
ரைஸ்மில் சாம்பலால் கோடு போட்டோம்.
மறுநாள் அதன்மேல் வாத்துக்கூட்டம் நடந்துபோக
ஆட்டக்களம் முழுக்க மூன்று விரல் பாதங்கள்.

வளைகோல் ஆறுதான்.
அகிலேஷ் அதைக் களைக்கொத்து மாதிரி பிடித்தான்.
திருத்தப் போனேன்,
சரியாகத்தான் பிடித்திருந்தான்.
வட்டைக் கையில் வாங்கிய பெனிட்டா
'இவ்ளோ நல்லாருக்கே, இதை எதுக்கு மிஸ் தூக்கிப் போடணும்?'
ரிஃபாயா டென்னிகாய்ட் வளையத்தை
வளையல்போல் மாட்டிக்கொண்டே வகுப்பை முடித்தாள்.
அடுத்த செவ்வாய் வந்தாள்
முழுக்கை இரண்டையும் ஊக்குக் குத்தி மடித்துக்கொண்டு.

வாள் ஒன்றே ஒன்று.
ஒரு வாளை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை?
மூட்டை அடுக்கின்மேல் விழுந்த
அவரவர் நிழலோடு.
சுமை தூக்குகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.
பீடியை அணைத்துவிட்டு ஒருவர் சொன்னார்,
'நெழலு கூட உன்னைக் குத்துது தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லு.'

எனக்குத் தெரிந்தது நானூறு மீட்டர் மட்டும்.
அதிலும் மாவட்ட அளவில் நான்காமிடம்.
மற்ற விதிகளை
முந்தின ராத்திரி போனில் பார்த்துக்கொண்டு வருவேன்,
பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி.
விசில் மட்டும் தெரிந்தவள்போல் ஊதும்.

'பீரியடு சும்மாத்தானே இருக்கு டீச்சர்'
என்று வருவார் கணக்கு குணபாலன் சார்.
சும்மா இல்லை சார்,
இன்றைக்குப் பூப்பந்து.
மஞ்சள் பந்தை வாங்கி முகர்ந்து பார்த்தார்.
இரண்டு சர்வீஸ் போட்டார்.
அதற்கப்புறம் கேட்க வரவில்லை,
ஆட வந்தார்.

சர்வேசன் மட்டும்
செருப்புக்கடைக்கு வந்தவன்போல்
ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்துவிட்டு,
நாலடி நடந்துவிட்டு,
'இது இல்ல மிஸ்.'
எறிபந்து இல்லை. உயரம் தாண்டுதல் இல்லை.
சதுரங்கம்கூட இல்லை.
கோபமில்லை அவனிடம், அவசரமும் இல்லை.
எனக்குத்தான் இருந்தது.

ஐப்பசி முதல் செவ்வாய், வாலிபால்.
அகிலேஷ் ஓங்கி அறைந்ததில்
பந்து வலையைத் தாண்டி, மூட்டைகளைத் தாண்டி,
வேலிக் காட்டாமணக்கைத் தாண்டி
வெண்ணாற்றில்.

ஆறு நிறையத் தண்ணீர்.
கீழே அரைக் கிலோமீட்டரில் மூணாறு தலைப்பு:
அங்கே ஓர் ஆறு மூன்றாகிறது.
'கோரையாத்துக்குத்தான் போகும்' என்றாள் ரிஃபாயா.
'போடி, பாமணி!'
'நேரா வெண்ணாறுதான், பந்தயம்!'
யார் முதலில் ஓடியது தெரியாது.
கரைமேல் நாற்பத்தொரு பேர்,
எல்லாருக்கும் முன்னால் சர்வேசன்,
சட்டை வெளியே பறக்க,
பந்தோடு பேசிக்கொண்டே.

பின்னால் நான்,
நானூறு மீட்டரைத் தாண்டிய முதல் ஓட்டம்.
தண்ணிப்பக்கம் போகாதே, கைப்பிடிக்கு இந்தப்பக்கம் நில்.
மதகுக்கு முன்னால் பந்து சுற்றிக்கொண்டிருந்தது,
சுற்றிச் சுற்றி,
எந்தப் பலகையையும் தொடாமல்.

நான் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
முப்பத்தொன்பது, நாற்பது,
சர்வேசன், நாற்பத்தொன்று.
ஒரே கூச்சல்.
நிமிர்ந்து பார்த்தபோது பந்து இல்லை.

கோரையாறு என்று சத்தியம் செய்கிறார்கள் சிலர்.
பாமணி என்கிறார்கள் சிலர்.
சர்வேசன் எதுவும் சொல்லவில்லை.
மூச்சு வாங்க, முழங்காலில் கை ஊன்றி,
'அடுத்த வாரமும் வாலிபாலா மிஸ்?'

தலைமையாசிரியர் மேசையில் இருப்புப் பதிவேடு.
பந்து: ஒன்று. கையிருப்பு: இல்லை.
காரணம் எழுதும் கட்டம் கட்டைவிரல் அகலம்.
அதில் அடங்குமாறு எழுதினேன்:
ஆற்றில் உள்ளது.